குழாய் அடைத்தால் கை உள்ளே போகக் கூடாது: தட்டு வெட்டும் மெஷின் கேள்வி பதில்

தை, மாசியில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டு முடித்த கையோடு தோட்டத்துக்குத் தோட்டம் தட்டு வெட்டும் மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த மெஷினைப் பற்றித்தான் இருந்தது, அதிலும் வெட்டிய தட்டைக் குழாய் வழியாகக் கொட்டகைக்குள் ஊதித் தள்ளுகிற ப்ளோயர் மெஷினைப் பற்றி. பட்டறையில் இருபது வருடத்துக்கு மேலாக இதே மெஷின்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறேன், விரல் போனவர்கள் மெஷினை விற்க வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு இந்த முறை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்களிடம் 5 எச்பி மோட்டார் வைத்த ப்ளோயர் மெஷின் இருக்கிறது. போன வருடம் வரை கொட்டகை முகடு வரை எறிந்தது. இப்போது இரண்டு கட்டு விட்டாலே குழாய் அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் அப்பாதான் மூடியைத் திறந்து கையால் எடுத்துவிடுகிறார். மெஷின் புல்லி 8 அங்குலம். மோட்டாரில் இருக்கும் 5 அங்குலப் புல்லியைக் கழற்றிவிட்டு ஆறரை அங்குலம் போட்டால் வேகம் கூடி அடைப்பு வராது என்று ஒருவர் சொல்கிறார். மாற்றலாமா?
வாசகர், வெள்ளக்கோவில்

தம்பி, மாற்ற வேண்டாம். அதைவிட முக்கியம், அப்பா கையால் எடுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

உங்கள் மெஷினில் வெட்டுவதும் எறிவதும் ஒரே சக்கரம். கத்தி பூட்டியிருக்கிற அதே சக்கரத்தில்தான் விசிறித் தகடுகளும் இருக்கின்றன. காற்று ஊதித்தான் தட்டு மேலே போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். காற்று துணைக்குத்தான். அந்தத் தகடு, வெட்டிய துண்டை கிரிக்கெட் மட்டையால் பந்தை அடிக்கிற மாதிரி அடித்துக் குழாய்க்குள் எறிகிறது. சக்கரம் இரண்டடி விட்டம், நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால் அதன் விளிம்பு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே சக்கரம் 600 சுற்றுக்கு இறங்கிவிட்டால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும், ஆனால் எறிகிற சக்தி பாதிக்கும் கீழே போய்விடும். சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறி இறங்குவதுதான் காரணம். போன வருடம் முகட்டுக்கு எறிந்தது இந்த வருடம் குழாயின் வளைவைத் தாண்டவில்லை என்றால் முதல் சந்தேகம் வேகத்தின் மேல்தான் வர வேண்டும்.

வேகம் ஏன் குறைகிறது? பத்துக்கு ஏழு மெஷினில் பெல்ட் தளர்ந்திருக்கும், நான் பார்த்தவரை. பெல்ட் வழுக்கினால் மோட்டார் சுற்றும், சக்கரம் தங்கும், ரப்பர் கருகிய வாடை வரும். மெயினை அணைத்துவிட்டு இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். புல்லிக்குப் புல்லி இரண்டடி என்றால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி இறுக்குங்கள். இரண்டு பெல்ட் ஓடுகிற மெஷினில் ஒன்று மட்டும் புதிதாகப் போடக் கூடாது, பழையது நீண்டிருக்கும், பாரம் முழுவதும் புதியதன் தலையில் விழும். அப்புறம் வோல்டேஜ். பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் மோட்டார் ஓடுகிற நேரத்தில் மெஷினையும் போட்டால் அது திணறத்தான் செய்யும்.

இரண்டாவது, ஓட்டுகிற முறை. மெஷினைப் போட்டவுடன் தட்டை விடாதீர்கள். சக்கரம் வெறுமனே முழு வேகம் பிடிக்கட்டும், அந்த இரைச்சல் ஏறி ஏறி ஒரே சுதியில் நிற்கும், அதற்குப் பிறகு விடுங்கள். சுதி இறங்கினால் கையை நிறுத்துங்கள், மெஷின் மூச்சு விட்டுத் திரும்ப ஏறட்டும். நிறுத்தும்போதும் அப்படித்தான், கடைசிக் கட்டு போன பிறகு அரை நிமிடம் வெறுமனே ஓடட்டும். வயிற்றில் தட்டோடு நிறுத்துகிற மெஷின்தான் அடுத்த நாள் காலையில் அடைத்துக்கொண்டு நிற்கும். பச்சைத் தட்டு, கம்பு நேப்பியர் மாதிரி சாறுள்ள தீவனம் வெட்டினால் குழாயின் உள்சுவரில் அந்தச் சாறு பிசின் போல ஒட்டிக்கொள்ளும். கடைசியில் ஒரு கட்டு காய்ந்த தட்டை விட்டு ஓட்டினால் அது துடைத்துக்கொண்டு போய்விடும்.

சரி, புல்லிக்கு வருவோம். மோட்டார் 1440 சுற்று, உங்கள் மெஷின் புல்லி 8 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் இப்போது சக்கரம் 900 சுற்று ஓட வேண்டும். ஆறரை அங்குலம் போட்டால் 1170. கேட்கும்போது 270 சுற்றுதானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் கத்தியையும் தகட்டையும் வெளியே பிய்த்து எறியப் பார்க்கிற இழுப்பு ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். காற்றைத் தள்ளுகிற பாரம் இரண்டு மடங்குக்கு மேல் போகும், அந்த மோட்டார் அதைத் தாங்காது. கம்பெனிக்காரர் 900 சுற்றுக்குக் கணக்குப் போட்டு வார்த்த வார்ப்பிரும்புச் சக்கரம் அது. வார்ப்பிரும்பு வளையாது, சொல்லாமல் கொள்ளாமல் உடையும். பக்கத்து ஊரில் அப்படிப் புல்லி மாற்றிய மெஷின் ஒன்றில் கத்தி போல்ட் அறுந்து, கத்தி மூடியைக் கிழித்துக்கொண்டு எதிர்ச் சுவரில் குத்தி நின்றதை நேரில் போய்ப் பார்த்தேன். சுவரில் இருந்த அந்தக் கீறல் என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது.

இப்போது அப்பாவின் கை. சுவிட்சை அணைத்தால் மோட்டார் சத்தம் உடனே நின்றுவிடும், ஆனால் சக்கரம் நிற்காது. எங்கள் பட்டறையில் இதே மாதிரி மெஷின் ஒன்றை வெறுமனே ஓடவிட்டு அணைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை நிமிடம் ஆனது முழுதாக நிற்க. முதல் அரை நிமிடத்தில் கத்திகள் தனித்தனியாகவே கண்ணுக்குத் தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் மாதிரிதான் இருந்தது, சத்தமும் கிட்டத்தட்ட இல்லை. விரல் போன ஆட்கள் பலரும் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: "ஆஃப் பண்ணிட்டுத்தானுங்க கையை வெச்சேன்."

இன்னொரு எமன், ஆட்டோ ஸ்டார்ட்டர். நம் பக்கம் கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ போட்டு வைத்திருப்போம், மூன்று பேஸ் வந்தால் தானாக எடுத்துக்கொள்ளும். அதே ஸ்டார்ட்டரில் தட்டு மெஷினையும் மாட்டியிருக்கிற தோட்டங்கள் எத்தனையோ. கரண்ட் போனது, மெஷின் நின்றது, சரி அடைப்பை எடுப்போம் என்று கையை விடுகிறபோது கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தட்டு மெஷினுக்குத் தனி ஸ்டார்ட்டர் வைக்க வேண்டும், அதில் ஆட்டோவே இருக்கக் கூடாது.

அடைப்பை எடுக்கிற வழி இதுதான். ஸ்டார்ட்டரை அணையுங்கள். மெயினை இறக்கி மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்ளுங்கள், அப்போதுதான் வேறு யாரும் தெரியாமல் போட முடியாது. புல்லியைக் கண்ணால் பாருங்கள், அது நின்ற பிறகு சக்கரம் நகராதபடி ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு மூடியைத் திறங்கள். எடுப்பதற்கு ஒரு முழம் நீளத்தில் வளைந்த கம்பி ஒன்று செய்து மெஷின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள், லேத்தில் பத்து நிமிட வேலை. அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள், தம்பி. இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்பார், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

லைன் வேலை பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மெஷின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் தட்டைச் சவைத்துத் துப்புகிறது, ஊதவே மாட்டேன் என்கிறது. கத்தி போய்விட்டதா?
வாசகர், கோபிசெட்டிபாளையம்

கத்தி நன்றாகத்தான் இருக்கும். மெஷின் தலைகீழாகச் சுற்றுகிறது. மூன்று பேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடும், அப்போது கத்தியின் முதுகு தட்டில் அடிக்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் போடச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம். அதே கையோடு மெஷின் மூடியில் சரியான திசைக்கு ஒரு அம்புக்குறி சிவப்புப் பெயின்ட்டில் பெரிதாக வரைந்துவிடுங்கள். எர்த் கம்பி இரும்புச் சட்டத்தோடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஓட்டுகிற மெஷின் அது.

வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார். இரண்டு மாடு, ஒரு எருமை, நான்தான் தட்டு வெட்டிப் போடுகிறேன். பல நாள் ராத்திரியில்தான் கரண்ட் வரும். நான்கு வயதுப் பையன் கூடவே நிற்பான். பெண்கள் இந்த மெஷினைத் தனியாக ஓட்டலாமா?
வாசகி, அவிநாசி பக்கம்

தாராளமாக ஓட்டலாம் அம்மணி. பொறுமையாகத் தட்டு விடுகிறவர்கள் பெண்கள்தான், ஆண்கள்தான் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஒரு காலையும் வைத்து மிதித்துத் தள்ளுவார்கள். ஆனால் தனியாக வேண்டாம், அதிலும் ராத்திரியில். ஒருவர் மெஷினில், இன்னொருவர் சுவிட்ச் பக்கம் என்று இரண்டு பேர் இருக்க வேண்டும். மாமியாரோ பக்கத்துத் தோட்டத்து அக்காவோ சும்மா வந்து உட்கார்ந்திருந்தால் கூடப் போதும், அணைப்பது எந்தப் பட்டன் என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சேலை முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு மேலே ஒரு முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வதைத் தோட்டத்து வேலைக்கு எல்லோரும் செய்கிறீர்கள், அது நல்லது. ஆனால் சட்டைக் கைப்பட்டனைப் போடாமல் விட்டால் அதுவே மாட்டும். கண்ணாடி வளையல், கயிற்றில் கட்டிய தாலி, தொங்குகிற துண்டு, பின்னாத கூந்தல் எல்லாம் உள்ளே அடங்க வேண்டும். தாலியைக் கழற்ற வேண்டாம், சட்டைக்குள் போட்டுப் பட்டனைப் பூட்டிவிடுங்கள். பெல்ட்டுக்கு இரும்பு வலையோ தகடோ வைத்து மூடியிருக்க வேண்டும். கழற்றிப் பரணில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்து மாட்டுங்கள். கையுறை வேண்டாம், தட்டை உள்ளே இழுக்கிற உருளை அதைக் கவ்வினால் கையோடு சேர்த்துத்தான் இழுக்கும்.

தட்டு விடுகிற வாய் எவ்வளவு நீளம் என்று அளந்து பாருங்கள். கதிரடிக்கும் மெஷின்களுக்கு அந்த வாய் 90 சென்டிமீட்டர் நீளமும், அதில் உருளைப் பக்கத்து 45 சென்டிமீட்டர் மேலே மூடியும் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அது வெறும் எண் இல்லை, நம் கை தோளிலிருந்து விரல் நுனி வரை அந்த 90-க்குள்தான் வரும், எட்டிப் பிடித்தாலும் உருளையைத் தொட முடியாது. உங்களுடையது அரையடிதான் என்றால் வெல்டிங் பட்டறையில் நீட்டிக்கொள்ளுங்கள். தட்டை அடிப்பக்கம் முன்னால் போகிற மாதிரி வைத்து விடுங்கள், கடைசித் துண்டை அடுத்த கட்டுதான் தள்ள வேண்டும், உங்கள் கை இல்லை.

டியூப் லைட் வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரிகிறது, விலை குறைந்த எல்ஈடி பல்பும் அப்படித்தான். சில வேகத்தில் சுற்றுகிற சக்கரம் அந்த வெளிச்சத்தில் நிற்பது மாதிரியே காட்டும். பழைய குண்டு பல்பு ஒன்று மெஷினுக்கு மேலே போடுங்கள், இல்லாவிட்டால் பகலிலேயே இரண்டு நாளுக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த தட்டுதானே, கெட்டுப்போகாது.

பையனை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளவே கூடாது, அம்மணி. கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்தால் உட்கார்ந்திருப்பான் என்று நம்ப முடியாது, அந்த வயதில் சுற்றுகிறது எதைப் பார்த்தாலும் தொடத்தான் தோன்றும். அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத அன்றைக்கு முழுத் தட்டையே மாட்டுக்குப் போடுங்கள். கொஞ்சம் கழித்துப்போடும், கழிகிறது தட்டுதான்.

போன ஐப்பசியில் போட்ட போரின் அடித்தட்டை இப்போது வெட்டி ஊதினோம். அன்று மாலையே காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது, மறுபடி வெட்டினேன், மறுபடி அதேதான். சளிக் காய்ச்சலா, தூசியா?
வாசகர், மூலனூர்

இது மெஷின் விஷயம் மட்டும் இல்லை, அதனால் முதலில் ஒரு நெஞ்சக நோய் டாக்டரைப் பாருங்கள், போகும்போது "பூஞ்சை பிடித்த தட்டு வெட்டினேன், சில மணி நேரத்தில் வந்தது, இரண்டு முறை வந்தது" என்று அப்படியே சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். ஈரத்தோடு அடைந்து சூடேறிய தட்டிலும் வைக்கோலிலும் வளர்கிற நுண்ணுயிர்களின் தூள் நுரையீரலுக்குள் போனால் நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் இப்படிக் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் வரும். உழவர் நுரையீரல் நோய் என்றே அதற்குப் பெயர் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பட்டால் நுரையீரல் தழும்பு கட்டிப்போய் மீளாமலே போகலாம்.

ப்ளோயர் மெஷின் இந்த விஷயத்தில் கையால் வெட்டுவதைவிட மோசம், பூஞ்சையைத் தூளாக்கி மூடிய கொட்டகைக்குள் ஊதுகிறதே. கர்சீப் கட்டினால் பிரயோஜனம் இல்லை, அந்தத் தூள் துணிக்கண்ணை விடச் சின்னது. என்-95 முகக்கவசத்தை மூக்குப் பாலத்தில் அழுத்தி, இடைவெளி இல்லாமல் போட வேண்டும். குழாய் வாயைக் காற்று போகிற பக்கம் திருப்பி, நீங்கள் காற்று வருகிற பக்கம் நில்லுங்கள். ஆனால் கறுத்து, பொடி பறக்கிற அடித்தட்டை வெட்டவே வேண்டாம் என்பேன். மாட்டுக்கும் அது நல்லதில்லை, குப்பைக்குழிக்குப் போகட்டும்.

இனிமேல் போடுகிற போருக்குக் கீழே கல்லடுக்கி மரச்சட்டம் போட்டுத் தரையிலிருந்து ஒரு அடி தூக்குங்கள். அரைகுறை ஈரத்தோடு போட்ட போர் உள்ளுக்குள் சூடேறும், தானாகத் தீப்பிடிக்கிற அளவுக்குக் கூடப் போகும். கடப்பாரையைப் போருக்குள் செருகிக் கால் மணி நேரம் விட்டு இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கை வைத்து வைத்திருக்க முடியவில்லை என்றால் அது ஆபத்துதான். ஆனால் உடனே பிரிக்கப் போகாதீர்கள், காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். தண்ணீர் மோட்டாரையும் ஓஸையும் தயாராக வைத்துக்கொண்டு தீயணைப்புக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் பிரியுங்கள்.

கத்தியை எத்தனை நாளுக்கு ஒரு முறை சாணை பிடிக்க வேண்டும்? நாங்களே கிரைண்டரில் தீட்டலாமா?
வாசகர், ராசிபுரம்

நாள் கணக்கு சொல்ல மாட்டேன், வெட்டிய துண்டு சொல்லும். ஒரு கை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். நுனி சுத்தமாக, பிளேடால் அறுத்த மாதிரி இருந்தால் கத்தி நன்றாக இருக்கிறது. நார் நாராகப் பிய்ந்து, துண்டுகள் ஒன்றோடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் மழுங்கிவிட்டது, இல்லாவிட்டால் கத்திக்கும் அதன் எதிரே அசையாமல் நிற்கிற நிலைத்தகட்டுக்கும் இடைவெளி கூடிவிட்டது. அந்த நார்தான் குழாய் வளைவில் முதலில் சிக்கி அடைப்புக்கு அஸ்திவாரம் போடும். மழுங்கிய கத்தி மோட்டாரையும் இழுத்துப் பிடிக்கும், அது வெள்ளக்கோவில் தம்பிக்கும் பொருந்தும்.

நீங்களே தீட்டலாம், பழகியிருந்தால். கத்தியைக் கழற்றும் முன் பியூஸைப் பிடுங்குவது, சக்கரத்துக்கு முட்டுக்கொடுப்பது இரண்டும் கட்டாயம். கழற்றும்போது ஸ்பேனரைக் கத்தியின் கூர்ப்பக்கம் பார்த்து இழுக்காதீர்கள், போல்ட் திடீரென்று விட்டுக்கொடுத்தால் விரல் முட்டிகளெல்லாம் கத்தியில் போய் மோதும், கத்தி விளிம்பில் ஒரு பழைய ஓஸ் குழாயைக் கீறி மாட்டிவிட்டு வேலை பாருங்கள். சரிந்த பக்கத்தை மட்டும்தான் தீட்ட வேண்டும், தட்டையான பக்கத்தைத் தொடக் கூடாது. கிரைண்டரில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு நீலம் பாய்ந்துவிடும், நீலம் வந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், எவ்வளவு தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும். லேசாக ஓட்டி, தண்ணீரில் நனைத்து, மறுபடி லேசாக ஓட்டுங்கள். ஒரு கத்தியில் ஐந்து தேய்ப்பு என்றால் மற்றதிலும் ஐந்து, கடைசியில் தராசில் வைத்துப் பாருங்கள். எடை வித்தியாசம் இருந்தால் சக்கரம் உதறும், பேரிங் முதலில் சத்தம் போடும், அப்புறம் போல்ட் தளரும்.

போல்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. தலையில் 8.8 என்று பொறித்த உயர்வலு போல்ட்தான் போட வேண்டும். ஹார்டுவேர் கடையில் எடை போட்டு விற்கிற சாதா போல்ட் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் அந்த இழுப்பைத் தாங்காது. மரை தேய்ந்த நட்டைத் திரும்பப் போடாதீர்கள். பூட்டிய பிறகு பெல்ட்டைக் கையால் இழுத்துச் சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்று சுற்றவிடுங்கள், எங்கேயும் உரசக் கூடாது. இடைவெளிக்குக் கம்பெனிப் புத்தகத்தில் அளவு இருந்தால் அதுதான் சரி, புத்தகம் இல்லை என்றால் ஒரு அஞ்சலட்டை கனம் என்று நாங்கள் வைப்போம். முதல் நாள் ஓட்டி முடித்ததும் எல்லாப் போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.

டிராக்டர் பிடிஓவில் (என்ஜின் சுற்றிவிடுகிற பின்பக்கத் தண்டில்) ஓடுகிற பெரிய மெஷின் வாடகைக்கு வருகிறது. தண்டுக்கு மூடி இல்லாமல்தான் கொண்டுவருகிறார்கள். கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள்.
வாசகர், பொள்ளாச்சி

மூடி இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. தண்டின் கனத்தைக் கணக்குப் பார்த்தால் விநாடிக்கு இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டும். ஐந்தரை மீட்டர் சேலை மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும், வேட்டி அதற்கும் முன்னால். கூச்சல் போட்டு, டிரைவர் இறங்கி வந்து அணைக்கிற நேரம் அங்கே கிடையாது. ஓடும்போது தண்டைத் தாண்டுவதும் கூடாது, சுற்றித்தான் வர வேண்டும். டிராக்டரின் புகைக்குழாய் போர்ப் பக்கம் பார்க்காமல் நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு பொறி போதும்.

டெல்டா பக்கத்திலிருந்து வைக்கோல் உருளை வாங்குகிறோம். வெட்டும்போது கயிறு சுற்றிக்கொள்கிறது, ஒரு முறை கம்பித் துண்டும் வந்தது.
வாசகர், உடுமலை

அந்த நைலான் கயிற்றை மெஷின் பக்கத்தில் வைத்து அறுக்காதீர்கள், கொட்டகைக்கு வெளியிலேயே உருளையைப் பிரித்து, கயிறு முழுவதையும் எண்ணி எடுத்துவிடுங்கள். மெஷின் உருளையில் சுற்றிய கயிறு பேரிங் வரை போய் உருகி ஒட்டிக்கொள்ளும், மாட்டின் வயிற்றுக்குப் போனால் அங்கேயே தங்கிவிடும். கம்பி அதைவிடக் கெட்டது. கத்தியில் பட்டால் குழாய் வழியாகத் தோட்டா மாதிரி வெளியே வரும், அதனால் ஓடும்போது குழாய் வாய்க்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. துண்டாகிய கம்பியை மாடு விழுங்கினால் இரண்டாம் வயிற்றைத் துளைத்து, அங்கிருந்து நெஞ்சுக்கே போய்க் குத்தும். பழைய ஸ்பீக்கரில் இருக்கிற வட்டக் காந்தங்களை நாலைந்து வாங்கித் தட்டு விடுகிற வாயின் அடித்தகட்டில் ஒட்டிவையுங்கள், ஆணி, கம்பி எல்லாம் பெரும்பாலும் அங்கேயே பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை துடைத்து எடுங்கள். தீனி எடுக்காமல் முதுகைக் கூனிக்கொண்டு நிற்கிற மாட்டைக் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி பெரிய இடங்களில் அறுவை சிகிச்சையே செய்கிறார்கள், ஆனால் சீக்கிரம் போக வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒருவருக்கு இரண்டு விரல் போய்விட்டது. துண்டை ஐஸில் போட்டு எடுத்துப் போனார்கள், பிரயோஜனப்படவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். என்ன செய்திருக்க வேண்டும்?
வாசகர், பெருந்துறை

படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஐஸில் நேராகப் போட்டால் சதை உறைந்து செத்துவிடும், அதனால்தான் சேர்க்க முடியாமல் போகிறது. தண்ணீரில் ஊறப்போடவும் கூடாது. விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப்புகாமல் கட்டி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் விரலில் படக் கூடாது, குளிர்ச்சி மட்டும் பட வேண்டும். கையில் ரத்தம் வருகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள், மண் எதுவும் வைக்காதீர்கள், குடிக்கச் சாப்பிடவும் எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

கை உருளையில் மாட்டிக்கொண்டால் பிடித்து இழுக்கவே கூடாது. முதலில் மெயின், அப்புறம்தான் மற்றது. ரிவர்ஸ் லிவர் இருக்கிற மெஷினில் லிவரை ரிவர்ஸில் போட்டு, உருளை பின்னோக்கிச் சுற்றுகிற பக்கமாகப் பெல்ட்டைக் கையால் மெதுவாக நகர்த்தி விடுவியுங்கள், இல்லையென்றால் மேல் உருளையின் ஸ்பிரிங் நட்டைக் கழற்றினால் உருளை தூக்கிக்கொடுக்கும். அந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று பார்த்து அதை மெஷினிலேயே கட்டித் தொங்கவிடுங்கள், அந்த நேரத்தில் தேட முடியாது.

108-க்குப் பேசும்போதே விரல் துண்டாகிவிட்டது என்று சொல்லுங்கள், ஒட்டுகிற வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும், சின்ன ஆஸ்பத்திரியில் தையல் போட்டுவிட்டு அங்கிருந்து கோவைக்கு என்றால் நேரம் போய்விடும். நம் தோட்டங்கள் எல்லாம் ரோட்டிலிருந்து உள்ளே இட்டேரி (வேலிகளுக்கு நடுவில் போகிற மண்பாதை) வழியில்தான் இருக்கும். போனை வைத்ததும் ஒரு ஆளை டார்ச்சோடு இட்டேரி முக்குக்கு அனுப்பி நிற்கவையுங்கள்.